நலம் விசாரிக்க வந்த குழு

தொண்டாமுத்தூர் கோவிந்தராஜுலுவிடம் யார் எப்போது நலம் விசாரித்தாலும் பதில் ஒன்றுதான். "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க." அவருடைய தகப்பனார் இறந்த அன்று, வாசலில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, துக்கம் கேட்க வந்த பெரிய மனிதர் ஒருவர் பழக்கதோஷத்தில் "நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிட்டார். அப்போதும் இதே பதில்தான் வந்தது. கேட்டவரும் தலையாட்டிவிட்டு ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் பக்கத்து முறை அப்படி. வந்தவரை உட்கார வைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, உடம்பு, மழை, மாடு கன்று என்று எல்லாம் பேசி முடித்து, அவர் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் காரியத்துக்கு வர வேண்டும். "அப்புறமுங்க, ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன்" என்று அது ஆரம்பிக்கும். பெண் கேட்டது, கைமாற்று கேட்டது, பாகம் பிரித்தது எல்லாம் இங்கே வாசற்படியில் நின்றபடிதான் நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் வாயைத் திறப்பவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்பார்கள். இந்த முறை அரசாங்கத்துக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். டில்லியில் டீசல் விலையை ஏற்றினார்கள். ஏற்றியது நாங்கள் அல்ல, எண்ணெய்க் கணக்கில் விழுந்திருக்கும் பள்ளம் என்றார்கள். சென்னையில் அந்த விலைமேல் விற்பனை வரி வாங்கினார்கள். வரியை நாங்கள் ஒரு பைசாகூட ஏற்றவில்லை, நூற்றுக்கு இவ்வளவு என்பது அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். நூறு பெருத்தால் இவ்வளவும் பெருக்கும் என்பது கோவிந்தராஜுலுவுக்கே தெரியும். இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும் சுவரில் எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், எதிர்ப்பக்கத்தாரின் உருவப் பொம்மையை நடுரோட்டில் கொளுத்தினார்கள். கொளுத்துவதற்கு இரண்டு பக்கமும் தாராளமாகவே பெட்ரோல் ஊற்றினார்கள்.

சத்தம் அதிகமானதும் குழு போட்டார்கள். விலையை ஏற்றியது யார் என்று கண்டுபிடிக்க அல்ல, அது பால்காரனுக்கும் தெரியும். ஏற்றியதால் யாராவது பாதிக்கப்பட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதற்காக. எரிபொருள் விலை பாதிப்பு அறியும் குழு என்று பெயர். தலைவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. டில்லியின் சார்பில் பேச ஓர் உறுப்பினர், சென்னையின் சார்பில் பேச ஓர் உறுப்பினர். கோயமுத்தூர் வட்டாரத்தில் பாதிக்கப்பட்ட விவசாயி ஒருவர் வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். அவருடைய தோட்டம் வரைக்கும் தார் ரோடு இருக்க வேண்டும்.

தார் ரோட்டை ஒட்டித் தோட்டம் இருந்தது கோவிந்தராஜுலுவுக்குத்தான். மணியகாரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் தோட்டம் முழுக்க நேந்திரன் வாழை போட்டிருந்தார். ஓணத்துக்குப் பாலக்காட்டுப் பக்கம் போக வேண்டிய காய். தார் எல்லாம் இறங்கி, ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். இனி வெட்டுகிற வரைக்கும் விடாமல் தண்ணீர் கட்டினால் போதும், காய் சதை பிடித்துவிடும். மழைதான் வரவில்லை, மலைப்பக்கத்துக் காற்று மட்டும் வந்து இலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை மேலே ஏற்றக் கரண்ட் இல்லை. இணைப்புக்கு எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகி, ஒரு கம்பம் மட்டும் வந்து வரப்பில் நின்றது. கம்பி வரவில்லை. ஆகவே ஆயில் எஞ்சின், ஆகவே டீசல். அந்த வீட்டின் ஒரு வருஷத்துச் சோறு, மூத்த பெண் நவ்யாவின் காலேஜ், எல்லாம் அந்த எஞ்சின் குடிக்கும் டீசலில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

உக்கடத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஷேக் பரீத், தார்களைப் பார்த்துப் பேசி வைக்க வந்தவர், குழு சமாசாரத்தைக் கேட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அங்க போய் உங்க புண்ணியத்துலன்னு ஆரம்பிச்சுராதீங்க. எடுத்த எடுப்புல, டீசல் வெலை ஏறிப்போச்சு, வாழைக்குத் தண்ணி கட்ட முடியலைன்னு சொல்லிப்போட்டு உக்காந்துருங்க."

"வந்ததும் வராததுமா எப்படிங் பாய் அப்படிச் சொல்றது? அத்தன பெரிய மனுசங்க. ஒரு மொறை இருக்குதுல்லீங்க."

"அவங்க உங்க சம்பந்தி இல்லீங்கண்ணா. அரசாங்கம்."

"அரசாங்கம்னாலும் மனுசங்க தானுங்க பாய்."

பத்மாவதி செம்போடு வந்தவள் இதைக் கேட்டாள். அந்த வீட்டில் உள்ளே தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். மரியாதையெல்லாம் தமிழில் நடக்கும், திட்டு தெலுங்கில் விழும். பாய் சொல்வதைக் கேட்காவிட்டால் அங்கேயே இருந்துகொள்ளலாம், வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவள் தெலுங்கில் சொன்னாள்.

குழு கூடியது டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஆனிக் கடைசியில் அங்கே நடந்த முகூர்த்தத்தின் ஜோடனையை இன்னும் கலைக்கவில்லை. மேடையில் தெர்மகோலில் வெட்டிய மணமக்கள் பெயர் அப்படியே இருந்தது. சிவப்பு வெல்வெட் போட்ட மாப்பிள்ளை நாற்காலியும் பெண் நாற்காலியும் இருந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார். பெண் நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் தகராறு வந்தது. அது தங்கள் மாநிலத்தைத் தாழ்த்துவதற்கான சதி என்றார் சென்னை உறுப்பினர். டில்லி யாருக்கும் இடப்பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லை என்றார் டில்லி உறுப்பினர். காலை நேரம் முழுக்க அதில் போயிற்று. கடைசியில் கோவிந்தராஜுலுவை அதில் உட்கார வைத்தார்கள். தலைவருக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு, மடியில் கைகோத்து அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பத்திரிகைக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க வெளியே போனார்.

கொங்கு நாட்டில் எல்லாவற்றிலும் 'ங்க' சேர்க்க வேண்டும் என்று தலைவருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"என்னங்க ஐயாங்க, நல்லாருக்கீங்களாங்க?"

பெரிய மனிதர், அவ்வளவு பணிவாகக் கேட்கிறார். கோவிந்தராஜுலுவின் கைகள் தாமாகக் குவிந்தன. "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க."

"சாட்சிக்கு ஒரு குறையும் இல்லை" என்றார் தலைவர். மூலையில் டைப்ரைட்டர் தட்டியது.

"டீசல் கிடைக்கிறதா?"

"கெடைக்குதுங்க" என்றார் கோவிந்தராஜுலு. அடுத்து மழை, அதற்கடுத்து மாடு கன்று, பிறகு காரியம் என்று மனதுக்குள் வரிசை வைத்திருந்தார். மழையைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தார்.

டில்லி உறுப்பினர் எழுந்துவிட்டார். "கிடைக்கிறது என்கிறார், கவனியுங்கள். நாங்கள் விலையை ஏற்றியிருக்காவிட்டால் இது கிடைத்திருக்காது. கிடைக்காத பொருள் மலிவாக இருந்து என்ன லாபம்? விலை ஏறினால் பணக்காரன் பாதிக்கப்படுவதில்லை, அவன் எந்த விலையிலும் வாங்குவான். ஏழையும் பாதிக்கப்படுவதில்லை, அவன் வாங்குவதை நிறுத்திவிடுவான். இப்படி யாருக்கும் நோகாமல் நாட்டுக்கு எண்ணெய் மிச்சமாகிறது. இந்த அரிய திட்டத்தை மாநில வரி கெடுக்கிறது."

சென்னை உறுப்பினர் துண்டைச் சரிசெய்தார். "வரி எங்கள் தன்மானம். ஒரு லிட்டரில் எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பது முக்கியமல்ல, அது எங்களுக்கு வருகிறது என்பதே முக்கியம். டில்லி விலையை ஏற்ற ஏற்ற எங்கள் வரியும் கூடுகிறது என்பது உண்மைதான். அந்தக் கூடுதலை நாங்கள் கண்ணீரோடுதான் வாங்கிக்கொள்கிறோம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் அது டில்லிக்கு அடிபணிந்ததாகிவிடும். எங்கள் விவசாயியின் தன்மானத்துக்காகத்தான் எங்கள் விவசாயியிடம் வாங்குகிறோம்."

எண்ணெய்க் கணக்கில் அப்படி என்ன பள்ளம் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். தலைவர் நிதானமாக விளக்கினார். விலை குறைவாக இருந்த காலத்தில் மிச்சமானது அந்தக் கணக்கில் சேர வேண்டும். சேர்ந்தது செலவாகிவிட்டது. ஆகவே இப்போது அங்கே பணம் இல்லை, பள்ளம் மட்டும் இருக்கிறது. அதை நிரப்புவது பொதுமக்களின் கடமை, ஏனென்றால் அது பொதுமக்களுடைய பள்ளம்.

மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு மணியாகித் தலைவர் ஷூவுக்குள் காலை நுழைத்தபோது, இதுதான் நேரம் என்று கோவிந்தராஜுலு எழுந்தார். "அப்புறமுங்க, ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேனுங்க."

"எல்லாம் உங்கள் தோட்டத்துக்கு வந்து பேசிக்கொள்ளலாம்" என்று தோளில் தட்டிவிட்டுத் தலைவர் போனார்.

கோவிந்தராஜுலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊட்டுக்கே வாரேன்னுட்டாங்க அம்மணி, மண்டபத்துல நாலு பேர் முன்னால சொல்றதவிட நம்ம தோட்டத்துல வெச்சுச் சொல்றதுதானே முறை என்று பத்மாவதியிடம் சொன்னார். அவள் பருப்பை ஊறப் போட்டாள்.

இதற்குள் இரண்டு கட்சியும் விவசாயிகளுக்கு ஆதரவாகப் பந்த் அறிவித்துவிட்டன. சேர்ந்து நடத்தினால் யார் நடத்தியது என்று தெரியாமல் போய்விடும் என்பதால் தனித்தனியாக, அடுத்தடுத்து. பங்க் எல்லாம் மூடிவிடும். கோவிந்தராஜுலு முன்யோசனையாகப் பேரூர் வரைக்கும் போய், வரிசையில் நின்று, ஒரு பெரிய கேன் நிறைய டீசல் வாங்கி வந்து எஞ்சின் ரூமில் வைத்தார். பந்த் முடிகிற வரைக்கும் வாழைக்கு அதுதான் உயிர். பங்க் திறக்கும்வரை இதைத் தொடுவதற்கு வேறு யாருக்கும் பாத்தியதை கிடையாது என்று பத்மாவதி சொல்லியிருந்தாள்.

தலைவருடைய ஜீப்பும் ஆறு காருமாகக் குழு ஏழு வண்டியில் வந்தது. ஏழும் தார் ரோட்டில் வரிசையாக நின்றன. அணைத்தால் உள்ளே சூடாகிவிடும் என்று எஞ்சின்களை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, எரிபொருள் சிக்கனம் என்பது ஒவ்வொரு குடிமகனும் தன் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியது என்று தலைவர் பேசினார். கோவிந்தராஜுலு தென்னையில் ஆள் ஏற்றி இளநீர் இறக்கினார். வந்தவர்கள் குடித்துவிட்டு வழுக்கையும் கேட்டார்கள்.

பிறகு எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். தலைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கோவிந்தராஜுலு பின்னால் குனிந்து சுற்றினார். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்ததும் டில்லி உறுப்பினரின் ஷூ நனைந்தது. தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்கள். அந்தப் பக்கம் இருந்தது காட்டாமணக்குப் புதர். திருப்பினார். போட்டோக்காரருக்கு வெளிச்சம் சரியாக வரவில்லை, மறுபடி ஓட்டினார். சென்னை உறுப்பினரும் கைப்பிடியோடு ஒரு படம் வேண்டும் என்றார், மறுபடி ஓட்டினார். காட்டாமணக்கு அன்றைக்கு வயிறு நிறையக் குடித்தது. பக்கத்தில் வாழை காற்றில் படபடத்துக்கொண்டு நின்றது.

தலைவாழை இலையில் சாப்பாடு. குருத்து இலையாகப் பார்த்து வெட்டியிருந்தார். நேந்திரன் சிப்ஸ் எந்த எண்ணெயில் போட்டால் ருசி என்பதில் இரண்டு உறுப்பினர்களும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். பத்மாவதி இரண்டாம் தடவை சாதம் வைக்கும்போது கணவனின் முகத்தைப் பார்த்தாள். சித்த பொறு என்று அவர் கண்ணாலேயே சொன்னார்.

எல்லாரும் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். தலைவர் ஷூ மாட்டினார். கோவிந்தராஜுலு மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்புறமுங்க, ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேனுங்க."

தலைவர் நின்றார். திரும்பினார். "சொல்லுங்க" என்றார். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது தலைவருடைய ஜீப்பின் டிரைவர் செங்கோடன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். ஜீப்பில் டீசல் இல்லை. விலை ஏறிவிட்டதால் குழுவின் வண்டிகளுக்குக் கொடுக்கும் அளவைக் குறைத்துவிட்டார்கள், ஓடவிட்டு நிறுத்தியதில் இருந்ததும் தீர்ந்துபோயிற்று. அவன் தலைவரின் காதில் சொன்னான். தலைவர் கோவிந்தராஜுலுவின் கையைத் தம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தது" என்றார்.

அரசாங்கத்துக்கு முறை தெரியாது என்று நாங்கள் நினைத்தது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் காரியத்தைச் சொல்வதற்கு அதுவும் வாசற்படியில்தான் வாயைத் திறக்கிறது.

வீட்டுக்கு வந்தவர், கையைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் நின்று கேட்கிறார். இல்லை என்று சொன்ன ஆள் அந்த வம்சத்தில் கிடையாது. கோவிந்தராஜுலு எஞ்சின் ரூமுக்குப் போய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வந்தவங்க வழியில நின்னுறக் கூடாதுங்க" என்றார். ஜீப் குடித்தது போக மீதியைப் பின்னால் நின்ற கார் வாங்கிக்கொண்டது. கேனும் ஜீப்பிலேயே போயிற்று, காலையில் நிரப்பித் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்து "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று ஏழு தடவை கும்பிட்டார். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை என்பது கடைசிக் கார் திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பத்மாவதி தெலுங்கில் சொன்னதை இங்கே எழுதினால் சூடு ஆறிவிடும், விட்டுவிடுகிறேன்.

காலையில் கேன் வரவில்லை. பந்த் வந்தது. மறுநாள் அடுத்த பந்த். அதற்கடுத்து, இரண்டு பந்த்திலும் நஷ்டப்பட்டதற்காகப் பங்க்காரர்கள் ஒரு பந்த் நடத்தினார்கள். அது முடிவதற்குள் விலையைக் கொஞ்சம் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிற்று. ஏறிய விலைக்கு வாங்கிய சரக்கைக் குறைந்த விலைக்கு விற்பதா என்று ஸ்டாக் இல்லை போர்டு மாட்டிவிட்டார்கள். கோவிந்தராஜுலு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கேன் இரவல் வாங்கிக்கொண்டு பங்க் பங்க்காக நடந்தார். பேரூர் ரோட்டில் மறியல் செய்துகொண்டிருந்தவர்கள், விவசாயி வருகிறார், வழிவிடுங்கள் என்று கோஷம் போட்டு அவருக்கு மாலை போட்டார்கள். கேனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார்.

வீட்டில் பத்மாவதியும் தோட்டத்து வேலைக்கு வரும் பழனியாத்தாளும் கிணற்றில் கயிறு போட்டுச் சேந்திக் குடம் குடமாக வாழைக்கு ஊற்றினார்கள். முன்வரிசை நனைவதற்குள் இரண்டு பேருக்கும் உள்ளங்கை உரிந்துவிட்டது. பின்வரிசைகளில் இலை மடங்கித் தண்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மத்தியானம் காற்று திருகி அடித்தபோது, ஈரமில்லாத மண்ணில் மரங்கள் முட்டோடு சேர்ந்து சாய்ந்தன. கோவிந்தராஜுலு நடுத்தோட்டத்தில் நின்று பார்த்தார். வருஷம் முழுக்கப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட மரங்கள். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

ஆடி போனால் மலையிலிருந்து யானை இறங்கும். அந்தத் தடவையும் இறங்கிற்று. வேலி வரைக்கும் வந்து, தும்பிக்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போயிருந்தது காலடித் தடத்தில் தெரிந்தது.

ஷேக் பரீத் வந்தார். சாயாமல் நின்ற மரம் ஒன்றில் தாரைத் தூக்கிப் பார்த்தார். ஒரு காயைக் கிள்ளினார்.

"சதையே வெக்கலியேண்ணா. எல்லாம் நரம்பாட்டம் நிக்குது."

"உங்க புண்ணியத்துல..." என்று கோவிந்தராஜுலு ஆரம்பித்தார்.

"என்கிட்ட வேண்டாங்ண்ணா" என்றார் பரீத். "என்கிட்டயாவது வேண்டாம்."

இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கும்போது பரீத், வாங்காத காய்க்கும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். கோவிந்தராஜுலு கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். போகும்போது பரீத்தின் முகத்தைப் பார்த்த பத்மாவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விலையை ஒரு துளி குறைத்தார்கள். ஏற்றியது படி அளவு, குறைத்தது கரண்டி அளவு. குறைத்தது தாங்கள்தான் என்று இரண்டு கட்சியும் சுவரில் எழுதின. அதே கல்யாண மண்டபத்தில் நன்றி அறிவிப்பு விழா என்றார்கள், குழுவின் முடிவும் அங்கேயே வாசிக்கப்படும் என்றார்கள், விவசாயிக்குப் பொன்னாடை உண்டு என்று மணியகாரர் வந்து சொன்னார்.

இந்தத் தடவை கோவிந்தராஜுலு முடிவு செய்துகொண்டார். நலம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது. பத்மாவதி அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, எதிரில் தலைவர் மாதிரி நின்று, "நல்லாருக்கீங்களா" என்று கேட்டாள். "உங்க புண்ணியத்துல" என்று வந்துவிட்டது. மறுபடி கேட்டாள், மறுபடி அதுவே வந்தது. அடுப்பில் சோறு குழைந்துபோகிற வரைக்கும் கேட்டாள். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு "இல்லீங்க" என்றார். சொல்லிவிட்டுக் கெட்ட வார்த்தை பேசியவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். பத்மாவதி அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

விழாவுக்கு மேளமும் நாயனமும் வைத்திருந்தார்கள். தலைவர் எழுந்து குழுவின் முடிவை அறிவித்தார்.

"இந்தக் குழு ஒரே ஒரு விவசாயியைத்தான் ஆராய்ந்தது, ஆனால் ஆழமாக ஆராய்ந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் தம் வாயால் சொன்னார். டீசல் கிடைக்கிறது என்றும் சொன்னார். சொன்னதை நம்பிவிடக் கூடாது என்று நேரில் போனோம். எஞ்சின் ஓடியது. தேவைக்கு மேல் இருந்த தண்ணீர் புதருக்குப் பாய்ந்ததை நானே கண்டேன். எங்கள் வண்டிகளுக்கு அவர் ஒரு கேன் டீசல் இனாமாகவே கொடுத்தார். உபரியாக இல்லாத பொருளை யாராவது இனாமாகக் கொடுப்பார்களா? அதற்குப் பிறகும் அவரைக் கண்காணித்தோம். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் அவர் ஒரு சொட்டு டீசல்கூட வாங்கவில்லை, அவருடைய டீசல் செலவு சுத்தமாக நின்றுபோயிற்று. வழக்கமாக வரும் யானைச் சேதமும் அவர் தோட்டத்தில் இந்த ஆண்டு இல்லை. விலை உயர்வினால் விவசாயிக்கு விளைந்திருக்கும் இந்த நன்மைகளைக் கருதி, மறுபடி உயர்த்துவதில் குழுவுக்கு ஆட்சேபம் இல்லை."

கை தட்டினார்கள். கோவிந்தராஜுலுவை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் மைக்கை அவர் வாயருகே பிடித்து, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னங்க ஐயாங்க, நல்லாருக்கீங்களாங்க?"

கோவிந்தராஜுலு கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லீங்க."

மூலையில் டைப்ரைட்டர் நின்றது. தலைவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

"பார்த்தீர்களா, இதுதான் கொங்கு நாட்டு அடக்கம். நாலு பேர் நடுவில் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறார். எவ்வளவு பெரிய பண்பாடு. குறிப்பில் அன்றைக்குச் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள்."

"இல்லீங்க, நெசமாலுமே இல்லீங்க. வாழை பூரா போயிடுச்சுங்க. தண்ணி கட்ட டீசல்..."

தலைவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி மேளக்காரர்கள் பக்கம் ஆட்டினார். தாலி கட்டும்போது காதில் விழக்கூடாத சொல் விழுந்துவிடாமல் இருக்க என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. கோவிந்தராஜுலுவின் வாய் அசைந்துகொண்டே இருந்ததை மட்டும் முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். அவர் பேசி முடிக்கும் வரைக்கும் கொட்டினார்கள். சிலர் பழக்கதோஷத்தில் அட்சதைக்குக் கையை நீட்டினார்கள்.

பிறகு சில நாள் கழித்து ஒரு காலையில் செங்கோடன் ஜீப்பில் வந்தான். கேனை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். காலிக் கேன். அவன் தோட்டத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நலம் விசாரிக்காமல் நின்றான். அந்தக் குழுவோடு வந்தவர்களில் விசாரிக்காமல் இருந்தது அவன் ஒருவன்தான். பத்மாவதி அவனை உட்கார வைத்துச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"அடுத்த மாசம் மறுக்கா வாராங்களாமுங்க" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "பெட்ரோலுக்குத் தனியா ஒரு குழு. மொதல்ல உங்க தோட்டத்துக்குத்தான்னு சொல்லிப்போட்டாங்க. சோறு நல்லாருந்துச்சாமுங்க."

கோவிந்தராஜுலு காலிக் கேனை எடுத்து ஓரமாக வைத்தார்.

செங்கோடன் செம்பை வைத்துவிட்டு எழுந்தான். செருப்பை மாட்டினான். மாட்டிக்கொண்டு நின்றான். "அப்புறமுங்க" என்றான். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "வர்றதுக்கு மட்டுந்தானுங்க அளந்து ஊத்தறாங்க. திரும்பிப் போறதுக்கு..."

பங்க் திறந்த பிறகு கோவிந்தராஜுலு வாங்கிய டீசல் இருந்தது. வாங்கி, ஒரு நாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்து, சாய்ந்த மரங்களுக்கு நடுவில் தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்தார்.

"பூரா எடுத்துக்குங்க தம்பி. இனி இங்க அது எதுக்குங்க."

செங்கோடன் ஊற்றிக்கொண்டான். ஜீப் கிளம்பியது. கதவுக்குள் நின்றிருந்த பத்மாவதிக்கு, வெளியே கணவன் சொன்னது கேட்டது.

"போங்க."

அடுத்த சொல் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஜீப் தார் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது. கோவிந்தராஜுலு மறுபடி வாயைத் திறக்கவில்லை.